ஆங்கில நெருங்குபொருட் சொற்களின் தேர்வு: தமிழ் வேற்றுமையும் வினையமைப்பும் காட்டும் வழி

ஆய்வுச் சுருக்கம்

தமிழைத் தாய்மொழியாகக் கொண்டு ஆங்கிலம் பயில்வோர், பொருளால் நெருங்கிய ஆங்கிலச் சொற்களுள் இடத்திற்கு உரியதைத் தேர்வதில் பெரிதும் இடர்ப்படுகின்றனர். ‘பார்’ என்னும் ஒரு சொல்லுக்கு எதிராக ஆங்கிலத்தில் ‘சீ’, ‘லுக்’, ‘வாட்ச்’ என்னும் மூன்று நிற்பதும், ‘சொல்’ என்பதற்கு எதிராக ‘சே’, ‘டெல்’ என்னும் இரண்டு நிற்பதும் இதற்கு எடுத்துக்காட்டுகள். தமிழில் அவ்வேறுபாடு இல்லாமையே இவ்விடர்ப்பாட்டிற்குக் காரணம் எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. இக்கட்டுரை அக்கருத்தை மறுத்து, ஆங்கிலம் சொல்லால் உணர்த்தும் வேறுபாட்டைத் தமிழ் பல இடங்களில் வேற்றுமை உருபாலும், எச்ச வடிவாலும், தன்வினை பிறவினை அமைப்பாலும் உணர்த்துகிறது என நிறுவ முயல்கிறது. அதன் வழியே சொல்தேர்வைக் கற்பிக்கும் ஒரு முறையையும், அம்முறையின் எல்லையையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: சொல்தேர்வு, வேற்றுமை, தன்வினை, பிறவினை, இடம், உறழ்வு ஆய்வு, இரண்டாம் மொழிக் கற்பித்தல்.

1. முன்னுரை

ஒரு சொல் பல பொருளுக்கு உரித்தாதலும், பல சொல் ஒரு பொருளுக்கு உரித்தாதலும் மொழியின் இயல்பு என்பதைத் தொல்காப்பியம் உரியியலின் தொடக்கத்திலேயே சுட்டுகிறது. திவாகரம் முதலிய நிகண்டுகள் இவ்விரு நிலைகளையும் உணர்ந்து, ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைத் தொகுத்ததோடு ஒருசொற் பலபொருட் பெயர்களுக்கெனத் தனித்தொகுதியும் வகுத்தன. ஆயினும் நிகண்டு சொற்களைத் தொகுத்துக் காட்டுமேயன்றி, அவற்றுள் எதனை எவ்விடத்தில் ஆளவேண்டும் என்பதைக் கூறுவதில்லை. அது இலக்கணத்தின் பணியாயிற்று.

இன்று மாணவர் கையில் உள்ள ஆங்கிலம்–தமிழ் அகராதிகளும் பெரும்பாலும் நிகண்டின் பணியையே செய்கின்றன. ‘சே’ என்பதற்குச் ‘சொல், கூறு’ என்றும், ‘டெல்’ என்பதற்குச் ‘சொல், கூறு, தெரிவி’ என்றும் பொருள் தரப்படும்போது, இவ்விரண்டும் ஒன்றற்கொன்று மாற்றாக வரும் என்றே மாணவர் கொள்வர். அதன் விளைவாக எழுதும் தொடர் பிழையாகும். பிழை திருத்தப்படும்; காரணம் விளக்கப்படுவதில்லை. நாளடைவில், தம் தாய்மொழி நுண்மை குறைந்தது என்றும், ஆங்கிலம் கற்பதற்கு அது தடை என்றும் மாணவர் எண்ணத் தலைப்படுகின்றனர். இவ்வெண்ணம் உண்மையா என்பதே இக்கட்டுரையின் வினா.

கட்டுரையில் ஆங்கிலச் சொற்கள் ஒலிபெயர்ப்பாக மேற்கோட் குறிக்குள் தரப்படுகின்றன. எடுத்துக்கொண்ட தமிழ்த்தொடர்கள் அனைத்தும் அன்றாட வழக்கிலிருந்து அமைக்கப்பட்டவை.

2. சிக்கலின் இயல்பு

இரு மொழிகளை ஒப்புநோக்கிக் கற்போரின் இடர்ப்பாட்டை முன்னறியலாம் என்னும் கருத்தை இராபர்ட் லேடோ 1957இல் வெளியிட்ட நூலில் விரிவாக முன்வைத்தார். அதனையடுத்து ஸ்டாக்வெல், பவன், மார்ட்டின் ஆகியோர் 1965இல் ஆங்கிலத்தையும் இசுப்பானியத்தையும் ஒப்பிட்டு, இடர்ப்பாடுகளை அளவால் வரிசைப்படுத்தினர். தாய்மொழியில் ஒன்றாக இருப்பது கற்கும் மொழியில் இரண்டாகவோ பலவாகவோ பிரியுமாயின், அதுவே கற்போர்க்கு மிகக் கடினமானது என்பது அவ்வரிசை தரும் செய்தி. இதனைப் ‘பிளவு’ எனலாம்.

பின்வந்த ஆய்வுகள், கற்போர் செய்யும் பிழைகள் அனைத்திற்கும் தாய்மொழியே காரணமன்று எனக் காட்டியுள்ளன. எனினும் பிளவு என்னும் கருத்து சொல்தேர்வைப் பொறுத்தவரை இன்றும் பயனுடையது. ஆனால் அக்கருத்தைச் சொற்பட்டியல் அளவில் மட்டும் பொருத்திப் பார்ப்பது போதாது. ‘தமிழில் ஒரு சொல், ஆங்கிலத்தில் மூன்று சொல்’ என்பது அகராதி காட்டும் கணக்கு. தொடரின் முழு அமைப்பையும் நோக்கினால் அக்கணக்கு மாறுகிறது. தமிழ் வினைச்சொல் தனித்து நிற்பதன்று. எழுவாய், உருபு, எச்சம், துணைவினை ஆகியவற்றோடு சேர்ந்தே அது பொருளுணர்த்துகிறது. பிளவு உள்ளதா இல்லையா என்பதை அம்முழு அமைப்பைக் கொண்டே துணிதல் வேண்டும்.

3. காண்டலும் கேட்டலும்

‘சீ’ என்பது கண்ணுக்குப் புலப்படுதலையும், ‘லுக்’ என்பது முயன்று கண்ணைச் செலுத்துதலையும், ‘வாட்ச்’ என்பது நிகழ்வது ஒன்றைத் தொடர்ந்து கவனித்தலையும் குறிக்கும். இவ்வாறே ‘ஹியர்’ என்பது செவியிற் படுதல். ‘லிசன்’ என்பது செவிகொடுத்தல். தமிழில் இவற்றுக்குப் ‘பார்’, ‘கேள்’ என்னும் இரண்டே போதும் என்பது மேலோட்டமான கருத்து.

இலக்கிய வழக்கில் ‘நோக்கு’, ‘காண்’ என்னும் சொற்கள் முயற்சியையும் பயனையும் பிரித்துணர்த்துகின்றன. ‘நோக்கினான், கண்டிலன்’ என்பதில் முரண்பாடு இல்லை. இப்பகுப்பு ஏட்டு வழக்கோடு நின்றுவிட்டது என்று கூறவும் இயலாது. ‘எல்லா இடத்திலும் பார்த்தேன், காணோம்’ என்பது நாள்தோறும் வீடுகளில் ஒலிக்கும் தொடர். இதில் ‘பார்த்தேன்’ என்பது ‘லுக்’. ‘காணோம்’ என்பதனுள் நிற்கும் ‘காண்’ என்பது ‘சீ’. மாணவர் தம் பேச்சிலேயே கொண்டுள்ள வேறுபாடு இது.

இதனினும் தெளிவான சான்று வேற்றுமையில் உள்ளது. பின்வரும் இரு தொடர்களை நோக்குக.

அ) நீங்கள் பேசுவது எனக்குக் கேட்கவில்லை.
ஆ) நீங்கள் பேசுவதை நான் கேட்கவில்லை.

வினைச்சொல் ஒன்றே. முதல் தொடரில் பேசப்படுவது எழுவாய். கேட்போர் நான்காம் வேற்றுமை ஏற்று நிற்கின்றார். ஒலி அவர் செவிக்கு எட்டவில்லை என்பது பொருள். இரண்டாம் தொடரில் கேட்போரே எழுவாய். பேச்சு இரண்டாம் வேற்றுமை ஏற்கிறது. அவர் செவிகொடுக்கவில்லை, அல்லது சொற்படி நடக்கவில்லை என்பது பொருள். முன்னது ‘ஹியர்’, பின்னது ‘லிசன்’. தொலைபேசியில் ஒலி தெளிவின்றி இருக்கும்போது, மறுமுனையில் உள்ள ஆசிரியரிடம் ‘ஐ ஆம் நாட் லிசனிங்’ என்று கூறும் மாணவர், தாம் சொல்ல விரும்பியதற்கு நேர்மாறாக, ‘உங்கள் பேச்சை நான் மதிக்கவில்லை’ என்று கூறிவிடுகிறார். தமிழில் இப்பிழையை அவர் ஒருபோதும் செய்யார். ‘எனக்கு’ என்பதற்கும் ‘நான்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு அவருக்கு இயல்பாகவே தெரியும்.

எனினும் ஒரு தடை எழலாம். ‘நேற்று அவரைக் கடைத்தெருவில் பார்த்தேன்’, ‘இரவு ஒரு சத்தம் கேட்டேன்’ என எழுவாய் முயற்சியின்றி நிற்கும் தொடர்களும் தமிழில் உள. இங்கு வேற்றுமை நேரடியாகத் துணைசெய்யவில்லை. ஆனால் இவற்றை ‘அவர் என் கண்ணில் பட்டார்’, ‘ஒரு சத்தம் என் காதில் விழுந்தது’ என மாற்றி உரைக்க இயலும். ‘பாடத்தைக் கவனமாகக் கேட்டேன்’ என்பதைப் ‘பாடம் கவனமாகக் காதில் விழுந்தது’ என மாற்ற இயலாது. எனவே ‘கண்ணில் படு’, ‘காதில் விழு’ என மாற்றி உரைக்க இடந்தருவது ‘சீ’, ‘ஹியர்’ எனவும், இடந்தராதது ‘லுக்’, ‘லிசன்’ எனவும் கொள்ளலாம். ‘வாட்ச்’ என்பதற்குரிய தொடர்ச்சிப் பொருளைப் ‘பார்த்துக்கொண்டிரு’ என்னும் துணைவினை காட்டும்.

‘கேள்’ என்பது ‘ஆஸ்க்’ என்னும் வினாப்பொருளையும் தழுவுகிறது. திருக்குறளின் 42ஆம் அதிகாரமாகிய ‘கேள்வி’ செவிவழி அறிவைப் பேசுகிறது. இன்றைய வழக்கில் ‘கேள்வி’ என்பது பெரும்பாலும் வினாவையே குறிக்கிறது. எனினும் தொடரில் மயக்கம் நேர்வதில்லை. ‘ஆசிரியரிடம் வழி கேட்டேன்’ என இடவுருபு ஏற்ற ஒருவர் எதிர்நிற்பின் அது ‘ஆஸ்க்’. பெற விரும்பும் பொருள் சுட்டப்படின், ‘பணம் கேட்டான்’ என்பதுபோல், ஆங்கிலத்தில் ‘ஆஸ்க் ஃபார்’ என வரும்.

4. சொல்லுதலும் பேசுதலும்

‘சே’, ‘டெல்’ என்பவற்றுள் தேர்வு கேட்போரைப் பொறுத்தது. ‘டெல்’ என்னும் வினை தன்னையடுத்துக் கேட்போரை வேண்டி நிற்கும். ‘சே’ என்பது சொல்லப்பட்ட செய்தியை வேண்டும். கேட்போர் இன்றியும் அமையும். தமிழில் ‘சொன்னான்’ என்பது இரண்டிற்கும் பொது. மேலும், சூழலால் உணரத்தக்க கேட்போரைத் தமிழ் எளிதில் தொகுத்துவிடும். ஆதலின் ‘ஹீ டோல்டு தட் ஹீ வாஸ் இல்’ என்றும், ‘ஹீ செட் மீ’ என்றும் பிழைகள் தோன்றுகின்றன.

இதற்குத் தீர்வு, தமிழ்த்தொடரை விரித்துப் பார்த்தலே. ‘தனக்கு உடல்நலமில்லை என்று சொன்னான்’ என்பதில் ‘என்னிடம்’ அல்லது ‘எனக்கு’ என்பது வெளிப்பட நிற்கவில்லையாயின் ‘சே’, நிற்குமாயின் ‘டெல்’. இங்குத் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் உண்மையான ஒரு வேறுபாடு உள்ளதையும் மறைக்கலாகாது. தமிழில் கேட்போர் ‘கு’ அல்லது ‘இடம்’ என்பதை ஏற்பர். பொதுவாக ‘ஐ’ ஏற்பதில்லை. ஆங்கில ‘டெல்’ கேட்போரைச் செயப்படுபொருள் இடத்தில், உருபிடைச்சொல் இன்றி நிறுத்துகிறது. ‘டோல்டு டு மீ’ என்னும் பிழை, தமிழ் ‘கு’ உருபை ஆங்கிலத்திற்கு எடுத்துச் செல்வதால் விளைவது. ‘டெல்’ வரும்போது ‘கு’ உருபை விடுக, ‘சே’ வரும்போது கொள்க என்பதே மாணவர்க்குக் கூறத்தக்கது.

ஏவற்பொருளில் தமிழ் வேறோர் அடையாளத்தையும் தருகிறது. ‘வருவதாகச் சொன்னான்’ என்பது செய்தி. ‘வரச் சொன்னான்’ என்பது ஏவல். செயவென் எச்சத்தை அடுத்துச் ‘சொல்’ வருமாயின் அங்கு ஏவப்பட்டவர் ஒருவர் உளர். எனவே ஆங்கிலத்தில் ‘ஹீ டோல்டு மீ டு கம்’ என்றே வரும். ‘கதை’, ‘உண்மை’, ‘பொய்’ ஆகியவை கேட்போர் சுட்டப்படாதபோதும் ‘டெல்’ என்பதையே ஏற்பன. இம்மூன்றையும் வழக்கு நோக்கி நினைவில் கொள்ளல் வேண்டும்.

‘ஸ்பீக்’, ‘டாக்’ என்பவை இரண்டும் ‘பேசு’ எனப்படும். இவற்றின் எல்லை அத்துணை வரையறுத்ததன்று. எனினும் ஒருவர் பலர்முன் பேசுதலுக்கும், ஒரு மொழியைப் பேசும் ஆற்றலுக்கும் ‘ஸ்பீக்’ உரியது. இருவர் கூடிப் பேசுதலுக்கு ‘டாக்’ பெரும்பான்மை. தமிழில் ‘உரையாற்று’, ‘உரையாடு’ என்னும் இணை இதனைப் பெரிதும் ஒத்துள்ளது. ‘ஓடு’ என்னும் மூன்றாம் வேற்றுமை உருபு உடனிகழ்ச்சி உணர்த்தும் இடத்தில், ‘நண்பனோடு பேசிக்கொண்டிருந்தேன்’ என்பதுபோல், ‘டாக்’ பொருந்தும்.

5. செலவு, வரவு, தரவு, கொடை

நெருங்குபொருட் சொற்களுள் இடமறிந்து தேர்தல் பற்றித் தமிழ் மரபு வெளிப்படையாகவே விதி கூறிய இடம் இது. தொல்காப்பியக் கிளவியாக்கம், தருதலும் வருதலும் தன்மை, முன்னிலை ஆகிய இரண்டிடத்திற்கு உரியன என்றும், செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியன என்றும் வகுத்தது. நன்னூலும் இதனை ஏற்றுக் கூறும். ‘எனக்குத் தந்தான், உனக்குத் தந்தான்’ எனவும் ‘அவனுக்குக் கொடுத்தான்’ எனவும் வருவது பழைய மரபு. இம்மரபு தமிழோடு நிற்பதன்று. மலையாளத்தில் ‘தருக’, ‘கொடுக்குக’ என்பவற்றிடையே இவ்வேறுபாடு இன்றும் பேணப்படுகிறது. திராவிட மொழிகளின் ‘வா’, ‘தா’ வினைகளைப் பற்றி எமனோ 1945இல் எழுதிய கட்டுரை இதன் பரப்பை ஆராய்ந்தது. யாழ்ப்பாணப் பேச்சுவழக்கில் ‘தாறன்’, ‘தாங்கோ’ என்பன வழங்க, தமிழகப் பேச்சுவழக்கில் ‘குடு’ என்பது மூவிடத்திற்கும் பெரிதும் பரவியுள்ளது.

ஆங்கிலத்தில் ‘கம்’, ‘கோ’ என்பவற்றின் தேர்வை ஃபில்மோர் 1971இல் ஆற்றிய சொற்பொழிவுகளில் நுணுகி விளக்கினார். பேசுவோர் இருக்கும் இடத்தை மட்டுமன்றிக் கேட்போர் இருக்கும் இடத்தை நோக்கிய இயக்கத்திற்கும் ‘கம்’ உரித்து என்பது அவ்விளக்கத்தின் சாரம். தொல்காப்பியர் தன்மையையும் முன்னிலையையும் ஒருங்கு வைத்தமை இதனோடு ஒத்துள்ளமை கருதத்தக்கது. எல்லா மொழிகளும் இவ்வாறு கொள்வன அல்ல. வாயிலில் அழைப்பவர்க்கு உள்ளிருந்து விடையிறுக்கும் இசுப்பானியர் ‘போகிறேன்’ என்னும் பொருள்படும் வினையையே ஆள்வர். தமிழர் ‘இதோ வருகிறேன்’ என்பர். ஆங்கிலேயரும் ‘ஐ ஆம் கமிங்’ என்பர். ‘நாளை உங்கள் வீட்டுக்கு வருகிறேன்’, ‘நாளை அவர் வீட்டுக்குப் போகிறேன்’ என்பவற்றுள் தமிழ்த் தேர்வும் ஆங்கிலத் தேர்வும் ஒன்றே.

அங்ஙனமாயின் ‘பிரிங்’, ‘டேக்’ என்பவற்றில் தமிழ் மாணவர் மயங்குவது ஏன்? காரணம் அகராதியில் உள்ளது. ‘டேக்’ என்பதற்கு ‘எடு’ என்பதே முதற்பொருளாகக் கற்பிக்கப்படுகிறது. ‘எடு’ என்பதில் திசை இல்லை. ‘பிரிங்’ என்பதைக் ‘கொண்டுவா’ எனவும், இயக்கப் பொருளில் வரும் ‘டேக்’ என்பதைக் ‘கொண்டுபோ’ எனவும் கற்பித்தால் மயக்கம் பெரிதும் நீங்கும். ‘வா’ வரும் இடத்தில் ‘பிரிங்’; ‘போ’ வரும் இடத்தில் ‘டேக்’. ஆளாயின் ‘அழைத்து வா’, ‘அழைத்துச் செல்’ எனத் தமிழ் வேறுபடுத்தும். ஆங்கிலம் பொருளுக்கும் ஆளுக்கும் இச்சொற்களையே ஆளும். ‘ஃபெட்ச்’ என்பது ‘போய் எடுத்து வா’ என்னும் இருவழி இயக்கத்தை ஒரு சொல்லில் அடக்கியது.

ஓரிடத்தில் மட்டும் தமிழ் வழக்கு மாணவரைப் பிழைக்குள் தள்ளும். விடைபெறும்போது ‘போகிறேன்’ என்பது நன்றன்று எனக் கருதி ‘வருகிறேன்’, ‘போய் வருகிறேன்’ என்பது நம் பண்பாடு. அதனை அவ்வாறே ஆங்கிலமாக்கினால், பிரிந்து செல்பவர் ‘ஐ ஆம் கமிங்’ என்று கூறுவதாக முடியும். இது சொற்பொருளால் நேர்வதன்று. மங்கல வழக்கால் நேர்வது. ஆகவே விதியாக அன்றி விலக்காகவே கற்பிக்கத்தக்கது.

‘கிவ்’ பற்றி ஒன்று கூறுதல் தகும். இரந்து கேட்குமிடத்து ‘ஈ’ என்பது தாழ்ந்தோனும், ‘தா’ என்பது ஒத்தோனும், ‘கொடு’ என்பது உயர்ந்தோனும் கூறும் சொல் எனத் தொல்காப்பிய எச்சவியல் வரையறுக்கிறது. தமிழ் மூன்றாகப் பிரித்ததை ஆங்கிலம் ஒன்றாக வைத்துள்ளது. ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு இல்லை என்று இதனால் கூறிவிடலாமா? ‘குட் யூ’, ‘வுட் யூ’ முதலிய துணைவினை வினாக்களால் ஆங்கிலம் அப்பணிவை உணர்த்துகிறது. தமிழ் மாணவர் ‘தாருங்கள்’ என்பதில் உள்ள மதிப்பு விகுதியை ஆங்கிலத்தில் வைக்க இடமின்றி, ‘கிவ் மீ தி ஃபார்ம்’ என்று கூறுங்கால், தாம் கருதாத கடுமை அதில் ஏறிவிடுகிறது. ஒரு மொழி சொல்லில் வைத்ததை மற்றொரு மொழி தொடரமைப்பில் வைக்கும் என்னும் உண்மை இரு திசையிலும் பொருந்துவதை இது காட்டும்.

6. உருபு காட்டும் வேறுபாடு: கடனும் காலமும்

‘பாரோ’, ‘லெண்ட்’ என்னும் இணையில் மாணவர் அடிக்கடி தடுமாறுகின்றனர். ‘கடன்’ என்னும் ஒரே பெயர்ச்சொல் இரண்டிலும் நிற்பதே காரணம். ஆனால் ‘அவனிடம் கடன் வாங்கினேன்’, ‘அவனுக்குக் கடன் கொடுத்தேன்’ என்பவற்றில் வினையும் உருபும் திசையைத் தெளிவாகக் காட்டுகின்றன. ‘வாங்கு’ என வரின் ‘பாரோ’. ‘கொடு’ என வரின் ‘லெண்ட்’. ஆங்கிலம் பெயரையும் வினையையும் ஒரு சொல்லில் ஒடுக்கியுள்ளது; அவ்வளவே வேறுபாடு.

இவ்விடத்தில் தமிழ் மேலும் நுண்ணிய பகுப்பு உடையது. வாங்கிய பொருளையே திருப்பித் தருவது ‘இரவல்’. நூலும் நகையும் இரவல் பெறப்படும். வேறு பணமாகத் திருப்புவது ‘கடன்’. வட்டியும் எழுத்தும் இன்றிக் குறுகிய காலத்திற்குப் பெறுவது ‘கைமாற்று’. அளந்து வாங்கி அவ்வளவே திருப்பித் தருவதைக் ‘குறியெதிர்ப்பை’ என்னும் சொல்லால் பழந்தமிழர் குறித்தனர். ஈகை பற்றிய குறளொன்றில் அச்சொல் ஆளப்பட்டுள்ளது. இவை அனைத்திற்கும் ஆங்கிலத்தில் ‘பாரோ’ ஒன்றே பொதுவாக நிற்கும். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வருவோர்க்கு இங்குப் பிளவு தோன்றும்.

‘சின்ஸ்’, ‘ஃபார்’ என்னும் காலச் சொற்களின் நிலை இன்னும் வியப்பளிப்பது. ‘2020 முதல் இங்கு வாழ்கிறேன்’, ‘ஐந்து ஆண்டுகளாக இங்கு வாழ்கிறேன்’ என்னும் தொடர்களில் தொடக்கப் புள்ளியை ‘முதல்’ அல்லது ‘இலிருந்து’ என்பதும், கால அளவை ‘ஆக’ என்பதும் உணர்த்துகின்றன. ‘ஐந்து ஆண்டுகள் அங்கு வாழ்ந்தேன்’ என முடிந்த காலமாயின் ‘ஆக’ இன்றி அளவுப்பெயர் மட்டும் நிற்கும். ஆங்கிலத்தில் தொடக்கப் புள்ளிக்குச் ‘சின்ஸ்’. அளவுக்கு இரு நிலையிலும் ‘ஃபார்’. வேறுபாடு தமிழில் இவ்வளவு வெளிப்படையாக இருந்தும் ‘சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’ என்னும் பிழை பரவலாக உள்ளது. தாய்மொழியில் வேறுபாடு இல்லாமையால் இது நேர்ந்ததெனக் கூற இயலாது. உள்ள வேறுபாட்டைக் கற்பித்தல் பயன்கொள்ளாமையே நேர்ந்தது எனலாம்.

7. தன்வினையும் பிறவினையும்

‘ரைஸ்’–‘ரெய்ஸ்’, ‘லை’–‘லே’, ‘ஃபால்’–‘ஃபெல்’ ஆகிய இணைகள் ஆங்கிலம் பயில்வோரை மட்டுமன்றி அதனைத் தாய்மொழியாகக் கொண்டோரையும், குறிப்பாக இரண்டாம் இணையில், மயக்குவன. இவை செர்மானிய மொழிகளில் முன்னொரு காலத்தில் பிறவினை ஆக்கும் விகுதி ஒன்று வழங்கியதன் எச்சங்கள். அவ்விகுதி மறைந்தது, உயிரெழுத்து மாற்றம் மட்டும் எஞ்சியது. ஆங்கிலேயர்க்கு இவை இன்று தொடர்பற்ற தனிச்சொற்களாகவே தோன்றும்.

தமிழில் இவ்வமைப்பு உயிருள்ள இலக்கணம். எழு–எழுப்பு, கிட–கிடத்து, விழு–வீழ்த்து, உருள்–உருட்டு, திருந்து–திருத்து என வரும் இணைகளைப் பள்ளி மாணவரும் அறிவர். ‘கதிரவன் எழுந்தது’ என்பது ‘ரைஸ்’. ‘கையை உயர்த்தினான்’ என்பது ‘ரெய்ஸ்’. ‘பாயில் கிடந்தான்’ என்பது ‘லை’. ‘குழந்தையைப் பாயில் கிடத்தினாள்’ என்பது ‘லே’. ‘மரம் விழுந்தது’ என்பது ‘ஃபால்’. ‘மரத்தை வீழ்த்தினான்’ என்பது ‘ஃபெல்’. தொடரில் ‘ஐ’ உருபு ஏற்கும் பெயர் உண்டா என்பதே தேர்வுக்குரிய வினா. ‘லை’ என்பதன் இறந்தகால வடிவமும் ‘லே’ என்றே ஒலிப்பதும், ‘ஃபால்’ என்பதன் இறந்தகாலமும் ‘ஃபெல்’ என்றே வருவதும் மயக்கத்தை மிகுவிக்கும். அவ்விடத்தும் ‘ஐ’ உருபு ஏற்ற பெயர் உண்டா என நோக்குவதே தெளிவு தரும்.

‘ரிமெம்பர்’–‘ரிமைண்ட்’ என்பன வடிவால் இவ்வகையின அல்ல; பொருளால் இவ்வகையின. முன்னது ‘நினைவில் கொள்’, பின்னது ‘நினைவூட்டு’. இவ்வாறே ‘கல்’, ‘கற்பி’ என்பன முறையே ‘லேர்ன்’, ‘டீச்’ என்பவற்றிற்கு நேர். தமிழ் ஒரே அடியிலிருந்து பிறவினையை ஆக்கிக்கொள்ள, ஆங்கிலம் வெவ்வேறு அடிகளைத் தேடுகிறது.

8. தமிழ் துணைசெய்யாத இடங்கள்

மேற்கூறிய முறை எல்லா இடத்தும் பயன்தராது. ‘டால்’, ‘ஹை’ என்னும் இரண்டிற்கும் தமிழில் ‘உயரமான’ என்பதே வழக்கு. ‘உயரத்தில் உள்ள அலமாரித் தட்டு’ என்பதுபோல் இடப்பொருள் தோன்றுமாயின் ‘ஹை’ எனக் கூறலாம். ஆனால் மரமும் மனிதரும் ‘டால்’ ஆதலையும், மலையும் மதிலும் ‘ஹை’ ஆதலையும் தமிழ்த்தொடர் எதுவும் காட்டாது.

‘மேக்’, ‘டூ’ என்பவற்றின் நிலையும் இதுவே. ஆக்கப்படும் பொருள் தோன்றுமிடத்து ‘மேக்’ எனவும், செயல் மட்டும் குறிக்குமிடத்து ‘டூ’ எனவும் ஒரு பொதுவிதி கூறலாம். எனினும் ‘தவறு செய்தான்’ என்பது ‘மேக்’ ஏற்பதும், ‘வீட்டுப்பாடம் செய்தான்’ என்பது ‘டூ’ ஏற்பதும் சொற்சேர்க்கை மரபு. இத்தகையவற்றைப் பெயரோடு சேர்த்தே மனங்கொள்ளச் செய்தல் வேண்டும். இவற்றுக்கும் விதி உண்டெனப் புனைவது மாணவரைக் குழப்பும். விதியால் அறிவன எவை, வழக்கால் அறிவன எவை எனப் பிரித்துக் கூறுவதே ஆசிரியர் செய்யும் உதவி.

9. கற்பித்தலுக்கு உரிய நெறி

இவ்வாய்விலிருந்து மூன்று நடைமுறைகளைப் பரிந்துரைக்கலாம். முதலாவது, நெருங்கிய ஆங்கிலச் சொற்களுக்குத் தனித்தனித் தமிழ்ச் சொல்லைப் பொருளாகத் தருவதை விடுத்து, அமைப்பால் வேறுபட்ட இரு தமிழ்த்தொடர்களைப் பொருளாகத் தருதல். ‘ஹியர்’ என்பதற்கு ‘எனக்குக் கேட்கிறது’ எனவும், ‘லிசன்’ என்பதற்கு ‘நான் கேட்கிறேன்’ எனவும் தரும் அகராதி, ‘கேள்’ என்று மட்டும் தரும் அகராதியினும் பயன்மிக்கது.

இரண்டாவது, ‘எந்த ஆங்கிலச் சொல் வரும்?’ என்று மாணவரை வினவுமுன், ‘இத்தமிழ்த்தொடரில் எழுவாய் எது? கேட்போர் சுட்டப்பட்டனரா? ஐ உருபு ஏற்ற பெயர் உண்டா? இயக்கம் யார் இருக்கும் இடம் நோக்கியது?’ என வினவுதல். இந்நான்கு வினாக்களும் மாணவர் விடையறிந்தவை. விடையறிந்தவற்றிலிருந்து அறியாததற்குச் செல்வதே கற்பித்தலின் இயல்பான போக்கு.

மூன்றாவது, தமிழ் வகுப்பும் ஆங்கில வகுப்பும் இணைந்து இயங்குதல். வேற்றுமையும் தன்வினை பிறவினையும் பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் படிக்கப்பட்டுத் தேர்வோடு மறக்கப்படுகின்றன. அவை மற்றொரு மொழியைக் கற்கும் கருவியாக ஆங்கில வகுப்பில் மீண்டும் வருமாயின், தமிழ் இலக்கணம் பயனற்றது என்னும் எண்ணமும் மாறும்.

10. முடிவுரை

நெருங்குபொருள் ஆங்கிலச் சொற்களின் தேர்வில் தமிழ் மாணவர் தவறுவது, அவர்தம் மொழியில் அவ்வேறுபாடு இல்லாமையால் மட்டும் நேர்வதன்று. காண்டல், கேட்டல் ஆகியவற்றில் முயற்சியையும் பயனையும் எழுவாயும் நான்காம் வேற்றுமையும் பிரித்துக் காட்டுகின்றன. சொல்லுதலில் செய்தியையும் ஏவலையும் எச்ச வடிவம் பிரிக்கிறது. இயக்க வினைகளில் தமிழ் மரபும் ஆங்கிலமும் பெரும்பாலும் ஒரே நெறியில் நிற்கின்றன. பிறவினையில் தமிழ் அமைப்பு ஆங்கிலத்தினும் ஒழுங்குடையது. சொற்சேர்க்கை மரபால் அமைவனவற்றில் மட்டுமே தமிழ் துணைசெய்யாது நிற்கிறது.

‘தமிழில் இதற்கு ஒரே சொல்தான் உண்டு’ எனக் கூறுமுன், அச்சொல்லோடு நிற்கும் உருபையும் எச்சத்தையும் நோக்குதல் ஆசிரியர்க்கும் அகராதி ஆக்குவோர்க்கும் கடன். மாணவர் தேடும் வேறுபாடு பெரும்பாலும் அவர் நாள்தோறும் பேசும் தொடருக்குள்ளேயே உள்ளது. அதனை எடுத்துக் காட்டுவதே ஆசிரியர் பணி.